வறட்சியிலும் உப்பிலும் தானியப் பயிர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காவிரிப் படுகையின் கடைமடையிலும் நாகப்பட்டினம், இராமநாதபுரம் கரையோரங்களிலும் வறட்சியும் உப்பும் பெரும்பாலும் ஒரே வயலுக்கு ஒரே பருவத்தில் வந்து சேர்கின்றன. ஆற்றில் நீர் வராதபோது நிலத்தடி நீரை நம்ப வேண்டியிருக்கிறது; அந்த நீரோ பல இடங்களில் உவர்ப்பாக இருக்கிறது. இந்த இரட்டைச் சிக்கலில் நெல்லும் பிற தானியங்களும் எப்படி நடந்துகொள்கின்றன என்பது பற்றி விவசாயிகளும் வேளாண் மாணவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்படுகின்றன.

வறட்சியும் உப்பும் வேறு வேறு சிக்கல்கள் அல்லவா? ஏன் சேர்த்துப் பேச வேண்டும்?

தொடக்கத்தில் வேருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன. வேர் நீரை உறிஞ்ச வேண்டுமானால் வேர்ச் செல்லுக்குள் இருக்கும் கரைசல் மண்ணிலுள்ள நீரைவிடச் செறிவாக இருக்க வேண்டும். மண் காயும்போது எஞ்சிய நீரை மண்துகள்கள் இறுகப் பிடித்துக்கொள்கின்றன. உப்பு மிகும்போதோ, நீர் கண்ணெதிரே தேங்கி நின்றாலும் அதன் செறிவு காரணமாக வேருக்குள் வருவது கடினமாகிறது. கணுக்கால் அளவு நீர் நிற்கும் வயலில் நாற்று வாடுவதைக் கண்டு திகைப்பவர்கள் உண்டு. அங்கே பயிருக்கு ஏற்பட்டிருப்பது உண்மையான தாகமே.

இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கவும் செய்கின்றன. மண்ணிலுள்ள நீர் பாதியாகக் குறைந்தால் அதில் கரைந்திருக்கும் உப்பின் செறிவு ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஆகவே, ஈரம் இருந்தவரை பயிர் பொறுத்துக்கொண்ட உப்பு, பத்து நாள் காய்ச்சலுக்குப் பிறகு அதே பயிரைக் கருக்கிவிடக்கூடும். வித்தியாசம் பின்னால்தான் தெரிய வரும்: மழை பெய்தால் வறட்சி நீங்கிவிடும், ஆனால் இலைக்குள் ஏறிவிட்ட சோடியம் அங்கேயே தங்கிவிடும்.

நீர் குறையத் தொடங்கியதும் பயிருக்குள் என்ன நடக்கிறது?

முதலில் கதவை அடைக்கிறது. இலையின் பரப்பிலுள்ள நுண்துளைகள் வழியாகவே நீர் ஆவியாகி வெளியேறுகிறது, அவற்றின் வழியாகவே கரியமில வாயு உள்ளே வருகிறது. ஈரம் குறைவதை உணர்ந்ததும் அப்சிசிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கி செடிக்குள் பெருகி, துளையின் இருபுறமும் உள்ள காவற்செல்களிலிருந்து பொட்டாசியத்தை வெளியேறச் செய்கிறது. காவற்செல்கள் தொய்ந்து துளை மூடிக்கொள்கிறது. நீர் மிச்சமாகிறது, ஆனால் கரியமில வாயுவும் நின்றுபோவதால் மாவுச்சத்து உருவாவது குறைகிறது. செடி உயிரோடு இருப்பதற்கும் கதிர் நிறைவதற்கும் இடையே உள்ள இழுபறி இந்த இடத்திலேயே தொடங்கிவிடுகிறது. தாங்குதிறன் பற்றிய பேச்சில் பெரும்பாலும் மறந்துபோவது இதுதான்: நீரை மிக நன்றாகச் சேமிக்கும் செடி, வறட்சியில் மிக நன்றாக விளையும் செடியாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

துளைகள் மூடியதும் இலை குளிர்வதற்கு வழி இல்லாமல் சூடேறுகிறது. வெயிலின் ஆற்றல் தொடர்ந்து வந்துகொண்டே இருக்க, அதைப் பயன்படுத்தும் வேலை நின்றுவிடுவதால், செல்லைச் சிதைக்கும் ஆக்சிஜன் வடிவங்கள் உள்ளே உருவாகின்றன. அவற்றை முறியடிக்கும் நொதிகளையும், செல்லுக்குள் நீரைத் தக்கவைக்கும் புரோலின் போன்ற பொருள்களையும் செடி உற்பத்தி செய்கிறது. கோதுமை, வாற்கோதுமை, சோளம் ஆகியவை கிளைசின் பீட்டெய்ன் என்ற மற்றொரு காப்புப் பொருளையும் சேர்த்துக்கொள்கின்றன. நெல்லால் அதைக் குறிப்பிடத்தக்க அளவில் சேர்க்க முடிவதில்லை.

வேரின் கதை வேறு. தண்டும் இலையும் வளர்ச்சியைக் குறைத்துக்கொண்டாலும் வேர் சில காலம் கீழ்நோக்கித் தேடிச் செல்கிறது. சேடை கலக்கி நட்ட நெல்லுக்கு இதிலும் வசதி குறைவு. அதன் வேர்கள் பெரும்பாலும் மேல் மண்ணிலேயே படர்ந்திருக்கும். ஆண்டாண்டாகச் சேற்றுழவு செய்ததால் அடியில் இறுகிப்போன கெட்டி அடுக்கைத் துளைத்துச் செல்ல அவற்றால் எளிதில் முடியாது.

நண்பகலில் இலை சுருண்டிருக்கிறது. உடனே நீர் பாய்ச்ச வேண்டுமா?

சுருண்ட இலையைப் பார்த்த உடனே முடிவெடுக்க வேண்டாம், மறுநாள் விடியற்காலையில் வயலுக்குப் போய்ப் பாருங்கள். நெல்லிலும் சோளத்திலும் இலையின் மேற்புறத்தில் வரிசையாகப் பெரிய செல்கள் உள்ளன. அவை நீரை இழந்து சுருங்கும்போது இலை குழல்போல் உருண்டு, வெயில் படும் பரப்பைக் குறைத்துக்கொள்கிறது. பிற்பகலில் சுருண்டு இரவில் விரிந்தால், செடி பகல் இழப்பை இரவில் ஈடுகட்டிக்கொள்கிறது என்று பொருள். விடியலிலும் சுருண்டே இருந்தால் மண்ணில் எடுக்கத்தக்க நீர் தீர்ந்துவிட்டது. அப்போது தாமதிக்கக் கூடாது.

காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுபவர்கள் துளையிட்ட குழாயை வயலில் பதித்து, நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் பாய்ச்சுகிறார்கள். நல்ல மண்ணில் இது மிகச் சிறந்த முறை. பூக்கும் காலத்தில் மட்டும் வயலைக் காயவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உவர் வயலில் இந்த முறையை அப்படியே கைக்கொள்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே ஒவ்வொரு காய்ச்சலும் உப்பை வேர்ப்பகுதிக்கு இழுத்துவந்து செறிவாக்கும்.

நெல்லுக்கு எந்தப் பருவத்தில் வறட்சி மிகப் பெரிய சேதத்தைச் செய்கிறது?

தூர் கட்டும் பருவத்தில் பத்து நாள் நீர் இல்லாவிட்டால் தூர்கள் குறையும், பயிர் பிந்தும். ஆனால் நீர் வந்ததும் செடி ஓரளவு மீண்டுகொள்ளும். அதே பத்து நாள் பொதி கட்டும் பருவத்திலோ பூக்கும் பருவத்திலோ வந்தால் ஈடுகட்ட வழியே இல்லை. கதிர் வெளிவருவதற்குச் சுமார் பத்துப் பன்னிரண்டு நாள் முன்பு, மகரந்தத் தாய்ச்செல்கள் பகுப்படைகின்றன. அந்த நேரத்தில் நீர் தட்டினால் மகரந்தத்திற்குச் சேர வேண்டிய சர்க்கரை சேராமல் மகரந்தம் மலடாகிறது. வெளியிலிருந்து பார்க்கும்போது பயிர் பச்சையாகவே நிற்கும்; கதிர் வந்த பிறகே பதர் தெரியும்.

இந்தப் பருவத்தைக் கண்ணால் கண்டுபிடிக்க ஓர் எளிய அடையாளம் உண்டு. ஒரு தூரை எடுத்து, உச்சியிலுள்ள கண்ணாடி இலையின் கழுத்தையும் அதற்கு அடுத்த இலையின் கழுத்தையும் பாருங்கள். கண்ணாடி இலையின் கழுத்து மேலேறி வந்து, இரண்டும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கும் நாள்களே மகரந்தம் உருவாகும் நாள்கள். முறைப்பாசனத்தில் ஒரே ஒரு முறை மட்டுமே நீர் கிடைக்கும் என்றால், எந்த வயலுக்கு முதலில் விடுவது என்பதை இந்த அடையாளத்தைக் கொண்டு முடிவு செய்யலாம்.

பூக்கும் நேரத்தில் வறட்சி வந்தால் இன்னொரு சேதமும் நேர்கிறது. கதிரைத் தாங்கி மேலே தள்ளும் காம்பு நீள்வது நின்றுபோய், கதிரின் அடிப்பகுதி இலையுறைக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது. உள்ளே அடைபட்ட பூக்கள் திறக்க முடியாமல் மலடாகின்றன. இதோடு பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியசைத் தாண்டினால் பதர் இன்னும் பெருகும். பால் பிடிக்கும் பருவத்து வறட்சி இவ்வளவு கொடியதன்று. அது மணியைக் கருக்காயாக்கும், எடையைக் குறைக்கும், ஆனால் கதிரை முழுவதும் வெறுமையாக்காது.

2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2017 சனவரியில் அனைத்து மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அந்தப் பருவமழைக் காலம் சம்பா நெல் தூர் கட்டிக் கதிர் விடும் காலத்தோடு ஒன்றிப்போவது என்பதால்தான் அந்த ஆண்டின் சேதம் அவ்வளவு கடுமையாக இருந்தது.

சோளமும் கம்பும் நெல்லைவிட எப்படித் தாங்குகின்றன? மக்காச்சோளமும் அதே இனந்தானே?

சோளம், கம்பு, கேழ்வரகு, தினை, மக்காச்சோளம் ஆகிய அனைத்தும் கரியமில வாயுவை முதலில் நான்கு கார்பன் சேர்மமாகப் பிடிக்கும் வகையைச் சேர்ந்தவை. துளைகளைப் பாதி மூடிக்கொண்டாலும் அவற்றால் உணவு தயாரிக்க முடிகிறது. நெல், கோதுமை, வாற்கோதுமை ஆகியவற்றுக்கு இந்த வசதி இல்லை. ஆனால் இந்த ஒரு பண்பே போதும் என்றால் மக்காச்சோளமும் வறட்சியில் வெல்ல வேண்டும், அது வெல்வதில்லை. காரணம் அதன் பூக்களின் அமைப்பு. ஆண்பூ உச்சியிலும் பெண்பூ இடையிலும் தனித்தனியே உள்ளன. வறட்சி வந்தால் ஆண்பூ உரிய நேரத்தில் மகரந்தத்தை உதிர்த்துவிட, பெண்பூவின் பட்டுநூல் வெளிவருவது பிந்துகிறது. பட்டுநூல் வரும்போது மகரந்தம் தீர்ந்திருக்கும். கதிரில் மணிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும்.

கம்பு இதற்கு நேர்மாறானது. அதன் தூர்கள் ஒரே நாளில் பூப்பதில்லை. முதல் கதிர் வறட்சியில் சிக்கினாலும் பின்னால் வரும் தூர் மழையைப் பிடித்துக்கொள்ளும். சோளம் வளர்ச்சியை நிறுத்திக் காத்திருந்து மழை வந்ததும் மீண்டும் தொடரும். அதன் இலையிலும் தண்டிலும் படியும் வெண்மெழுகு நீரிழப்பைக் குறைக்கிறது. சில சோள வகைகள் மணி முற்றும் காலத்து வறட்சியிலும் இலையைப் பச்சையாக வைத்திருக்கும். அந்தப் பண்பு இன்று உலகெங்கும் சோள இனப்பெருக்கத்தில் பயன்படுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் போக முடியாது. வறட்சியில் வாடிய இளஞ்சோளப் பயிரிலும், வறட்சிக்குப் பின் மழை பெய்து புதிதாகத் துளிர்த்த தளிரிலும் சயனைடு நஞ்சை வெளியிடும் பொருள் மிகுந்திருக்கும். பயிர்தான் போய்விட்டது, மாடாவது மேயட்டும் என்று அவிழ்த்துவிட்டு மாட்டையும் இழந்தவர்கள் உண்டு.

உப்பு பயிரைத் தாக்குவது எப்படி?

இரண்டு கட்டங்களாகத் தாக்குகிறது. முதல் கட்டம் மேலே சொன்ன தாகம். உப்பு வேரைச் சூழ்ந்த சில நாள்களிலேயே புதிய இலைகளின் வளர்ச்சி குறைகிறது. இரண்டாம் கட்டம் நஞ்சு. அதற்கு வாரங்கள் ஆகலாம். நீரோடு ஏறிவரும் சோடியம் இலைகளில் சேர்கிறது. நீர் ஆவியாகிவிடும், உப்பு ஆவியாகாது. அதனால் அதிக நாள் நீரை வெளியேற்றிய முதிர்ந்த இலைகளிலேயே அது முதலில் மிகுந்து, நுனி வெளுத்து, பிறகு கருகுகிறது. புதிய இலை தோன்றும் வேகத்தைவிடப் பழைய இலை சாகும் வேகம் மிகுந்துவிட்டால் அந்தச் செடி கதிர் வரை போய்ச் சேராது.

சோடியம் ஏன் நஞ்சாகிறது என்றால், பல நொதிகள் இயங்குவதற்குத் தேவையான பொட்டாசியத்தின் இடத்தை அது பிடித்துக்கொண்டு வேலையைச் செய்யாமல் விட்டுவிடுகிறது. எனவே ஓர் இலையில் எவ்வளவு சோடியம் உள்ளது என்பதைவிட, பொட்டாசியத்தோடு ஒப்பிடும்போது அது எந்த விகிதத்தில் உள்ளது என்பதே முக்கியம்.

தாங்கும் செடிகள் மூன்று வாயில்களில் காவல் வைக்கின்றன. வேர்ச் செல்லுக்குள் வந்த சோடியத்தை மீண்டும் மண்ணுக்கே தள்ளும் புரதங்கள் உண்டு. அதைத் தாண்டி நீர்க்குழாய்க்குள் ஏறிவிட்ட சோடியத்தை, இலையை அடைவதற்குள் மீட்டெடுத்து வேரிலேயே நிறுத்தும் கடத்திகள் உண்டு. அதையும் தாண்டி இலைக்கு வந்துவிட்டால், செல்லின் நடுவிலுள்ள குமிழ்ப்பைக்குள் பூட்டிவைக்கும் ஏற்பாடு உண்டு. நெல்லின் பலவீனம் என்னவென்றால், அதன் வேரில் செல்களுக்கு இடையிலான சந்துகள் வழியாகக் கணிசமான சோடியம் எந்தக் காவலையும் சந்திக்காமல் நேரே நீர்க்குழாய்க்குப் போய்விடுகிறது. சிலிக்கா சத்து நன்றாகக் கிடைக்கும் நெல்லில் இந்தக் கசிவு குறைகிறது என்பது ஆய்வுகளில் தெரிந்துள்ளது.

எந்தத் தானியம் எவ்வளவு உப்பைத் தாங்கும்?

மண்ணின் உப்பை மின்கடத்தும் திறனால் அளக்கிறார்கள், அலகு மீட்டருக்கு டெசிசீமன்ஸ். மண் பரிசோதனை அட்டையில் இ.சி. என்று குறிப்பிடப்படுவது இதுவே. செறிவூட்டிய மண்சாற்றில் அளந்த கணக்கின்படி, மக்காச்சோளத்தின் விளைச்சல் 1.7க்கு மேல் குறையத் தொடங்குகிறது. நெல்லுக்கு அந்த வரம்பு 3, கோதுமைக்கு 6, சோளத்துக்கு 6.8, வாற்கோதுமைக்கு 8. வரம்பைத் தாண்டிய பிறகு ஒவ்வோர் அலகுக்கும் நெல்லும் மக்காச்சோளமும் சுமார் 12 விழுக்காடும், கோதுமை 7 விழுக்காடும், வாற்கோதுமை 5 விழுக்காடும் இழக்கின்றன. சோளத்தின் போக்கு வேடிக்கையானது: நெடுநேரம் தாங்கிவிட்டு, வரம்பைக் கடந்ததும் அலகுக்கு 16 விழுக்காடு என்று சரிகிறது. ஆக, மண்ணில் உப்பு 5 அலகு இருந்தால் நெல்லில் ஏறத்தாழ கால் பங்கு போய்விடும். அதே மண்ணில் கோதுமைக்கு இழப்பே இருக்காது.

இவை பருவம் முழுவதற்குமான சராசரிகள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். நெல் முளைக்கும்போது உப்பை நன்றாகவே தாங்கும். இரண்டு மூன்று இலை விட்ட நாற்றுப் பருவத்தில் மிகவும் மென்மையாகிவிடும். தூர் கட்டும்போது மீண்டும் தாங்கும். கதிர் உருவாகிப் பூக்கும்போது மறுபடியும் மென்மையாகிவிடும். உப்பு வயலில் முளைப்பு நன்றாக இருக்கிறதே என்று மகிழ்ந்தவர்கள் மூன்றாவது வாரத்தில் ஏமாறுவது இதனால்தான். உவர் நிலத்தில் 30 முதல் 35 நாள் ஆன முதிர்ந்த நாற்றை, குத்துக்கு மூன்று நான்கு வீதம் நடும் பழக்கத்துக்கும் காரணம் இதுவே.

உவர் நிலமும் களர் நிலமும் ஒன்றா?

அல்ல, இரண்டையும் குழப்பிக்கொண்டு செலவு செய்பவர்கள் பலர். உவர் நிலத்தில் கரையும் உப்புகள் மிகுதி, இ.சி. 4க்கு மேல் இருக்கும், கார அமில நிலை பொதுவாக 8.5க்குக் கீழே நிற்கும், கோடையில் தரையில் வெள்ளையாகப் பூக்கும். களர் நிலத்தில் கரையும் உப்பு குறைவாக இருக்கலாம். ஆனால் களிமண் துகள்களில் சோடியம் ஒட்டியிருக்கும், கார அமில நிலை 8.5ஐத் தாண்டும். நனைந்தால் குழைந்து நீரை உள்ளே விடாது. காய்ந்தால் கல்லாக இறுகும்.

களருக்கு ஜிப்சம் வேண்டும். அதிலுள்ள கால்சியம் துகளில் ஒட்டிய சோடியத்தை விடுவிக்கும். விடுபட்ட சோடியத்தை நல்ல நீர் தேக்கி வடித்துவிட வேண்டும். வடிகால் இல்லாத வயலில் ஜிப்சம் போடுவது வீண். உவருக்கு ஜிப்சம் தேவையே இல்லை. அதற்குத் தேவை நல்ல நீரும் அந்த நீர் வெளியேற வழியும் மட்டுமே. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை புகுந்த நாகப்பட்டினம் வயல்களை நினைத்துப் பாருங்கள். இனி இவை விளையவே விளையாது என்ற பேச்சு அப்போது இருந்தது. மழைநீரைத் தேக்கி வடித்து, தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரச்செடியை விதைத்து மடக்கி உழுத வயல்கள் பல, அடுத்தடுத்த பருவங்களில் நெல்லுக்குத் திரும்பின.

வாய்க்காலில் நீர் இல்லை. உவர்ப்பான ஆழ்துளைக் கிணற்று நீரையாவது பாய்ச்சிப் பயிரைக் காப்பாற்றலாமா?

ஒரு கணக்கைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். கிணற்று நீரின் இ.சி. 3 என்று வைத்துக்கொள்வோம். நாக்கில் இலேசான உவர்ப்பு தெரியும், அவ்வளவுதான். ஓர் அலகுக்கு லிட்டருக்கு ஏறத்தாழ 640 மில்லிகிராம் உப்பு என்ற பொது வாய்பாட்டின்படி, அந்த நீரில் லிட்டருக்குக் கிட்டத்தட்ட 1.9 கிராம் உப்பு இருக்கும். ஓர் ஏக்கரில் 5 சென்டிமீட்டர் உயரம் நீர் கட்டினால் அது சுமார் 2 லட்சம் லிட்டர். உப்பின் எடை 390 கிலோவை நெருங்குகிறது. அதாவது ஒரே பாய்ச்சலில் ஐம்பது கிலோ மூட்டை எட்டு. அடுத்து மழை பெய்து வடியும் வரை அது வயலைவிட்டுப் போகாது.

இருந்தாலும் ஒருபோதும் பாய்ச்சக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். பயிர் தூர் கட்டும் பருவத்தில் இருந்து, வடகிழக்குப் பருவமழை நெருங்கிவிட்டது என்றால், ஓரிரு பாய்ச்சல் உயிரைக் காக்கும். பின்னால் மழை உப்பைக் கழுவும். நாற்றங்காலிலும் பூக்கும் நேரத்திலும் பாய்ச்சினால் காப்பாற்ற நினைத்ததே கெடுதலாகிவிடும். குளத்து நீரோ சிறிதளவு ஆற்று நீரோ கையில் இருந்தால் அதை அந்த இரண்டு பருவங்களுக்கு ஒதுக்கிவிட்டு, உவர் நீரை இடைப்பட்ட காலத்தில் பயன்படுத்துவது நல்லது. கோடையில் உவர் நீரைப் பாய்ச்சிக் குறுவை நாற்று விடுவதைத் தவிர்க்க வேண்டும்.

பொக்காளி, குழியடிச்சான் போன்ற பாரம்பரிய நெல் வகைகள் எதனால் தாங்குகின்றன?

பொக்காளி கேரளத்தின் எர்ணாகுளம், ஆலப்புழை, திருச்சூர் கரையோரங்களில் கடல்நீர் ஏறி இறங்கும் வயல்களில் விளைவது. அதன் முதல் குரோமோசோமில், சால்டால் என்று பெயர் பெற்ற பகுதி, இலைக்குச் செல்லும் சோடியத்தைக் குறைத்துப் பொட்டாசிய விகிதத்தைக் காக்கிறது. உயரமாக விரைந்து வளர்வதால் உள்ளே வந்த உப்பும் நீர்த்துப்போகிறது. வங்கத்து நோனா போக்ரா என்ற நெல்லிலும் இதே வேலையைச் செய்யும் கடத்தி ஒன்றின் மரபணு 2005இல் அடையாளம் காணப்பட்டது.

ஆனால் பொக்காளியின் வெற்றியை மரபணுவின் கணக்கில் மட்டும் எழுதுவது சரியன்று. அந்த விவசாயிகள் கோடையில் மண்ணைக் கூம்புகளாகக் குவித்துவைக்கிறார்கள். தென்மேற்குப் பருவமழை அந்தக் குவியல்களின் உப்பைக் கழுவிய பின்பே அவற்றின் மேல் விதைக்கிறார்கள். அறுவடை முடிந்து உப்பு ஏறும் மாதங்களில் அதே வயலில் இறால் வளர்க்கிறார்கள். விதையும் காலமும் சேர்ந்தே அங்கு விளைகின்றன. பொக்காளி விதையை மட்டும் வாங்கிவந்து கோடையில் உவர் வயலில் தூவினால் அது பொக்காளியாக நடந்துகொள்ளாது.

குழியடிச்சான் நம் கரையோரத்துக்குரியது. நேரடி விதைப்புக்கு ஏற்றது, உப்பையும் வறட்சியையும் தாங்குவது. களர்பாலை என்ற மற்றொரு வகையின் பெயரே அதன் நிலத்தைச் சொல்லிவிடுகிறது. விளைச்சலில் இவை புதிய ரகங்களுக்கு இணையாகா. ஆனால் புதிய ரகம் ஒன்றுமே தராத ஆண்டில் இவை வீட்டுக்காவது தரும்.

வெளியிடப்பட்ட ரகங்களில் எவற்றை நாடலாம்?

களர், உவர் நிலங்களுக்குத் திருச்சியிலிருந்து வந்த திருச்சி 1, திருச்சி 3 ஆகியவையும், கோயம்புத்தூரின் கோ 43உம் நன்கு அறியப்பட்டவை. மானாவாரி, புழுதி விதைப்புக்குப் பரமக்குடி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 2009இல் வந்த அண்ணா 4 உண்டு. சுமார் 100 முதல் 105 நாளில் முடிந்துவிடுவதால், பின்பருவ வறட்சியிலிருந்து தப்பித்துக்கொள்வதும் அதன் பலங்களில் ஒன்று. வடக்கே, 1969இல் தொடங்கப்பட்ட கர்னால் மைய மண் உவர் ஆராய்ச்சி நிறுவனம் சி.எஸ்.ஆர். வரிசை நெல் ரகங்களையும் கே.ஆர்.எல். வரிசைக் கோதுமை ரகங்களையும் தந்திருக்கிறது. இலங்கையில் அம்பலாந்தோட்டையின் ஏ.டி. 354 உவர் வயல்களுக்குப் பெயர்பெற்றது.

கோதுமையில் நடந்த ஒரு முயற்சி குறிப்பிடத்தக்கது. பழங்காலக் கோதுமை இனம் ஒன்றிலிருந்து சோடியத்தை மீட்டெடுக்கும் கடத்தியின் மரபணுவை, வழக்கமான கலப்பு முறையில் ரவைக் கோதுமைக்குக் கொண்டுவந்தார்கள். ஆஸ்திரேலியாவின் உவர் நிலத்தில் விளைச்சல் 25 விழுக்காடு வரை கூடியது என்று 2012இல் தெரிவித்தார்கள்.

மரபணுத் திருத்தம் செய்த நெல் வறட்சியையும் உப்பையும் ஒருசேரத் தாங்கும் என்கிறார்களே?

2025 மே மாதம் ஒன்றிய அரசு அறிவித்த இரண்டு திருத்தப்பட்ட நெல் ரகங்களுள் ஒன்றான பூசா டி.எஸ்.டி. நெல் 1 பற்றிய பேச்சு இது. எம்.டி.யு. 1010 என்ற ரகத்தில் டி.எஸ்.டி. என்ற மரபணுவைச் செயலிழக்கச் செய்து இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் இதை உருவாக்கியது. அந்த மரபணு இயல்பில் இலைத்துளைகள் மூடுவதைத் தடுப்பது. அது இல்லாதபோது துளைகளின் எண்ணிக்கை குறைகிறது, இருப்பவையும் விரைவில் மூடுகின்றன. நீர் குறைவாக ஏறினால் அதோடு ஏறும் உப்பும் குறையும். ஒரே மாற்றம் இரண்டு சிக்கல்களுக்கும் உதவுவது இப்படித்தான். ஆனால் துளை குறைந்தால் கரியமில வாயுவும் குறையும் என்று மேலே பார்த்தோம். நல்ல நீர் கிடைக்கும் ஆண்டுகளில் அது விளைச்சலில் எவ்வளவு கழிக்கிறது என்பதைப் பல இடங்களில், பல பருவங்களில் பார்த்த பிறகே இதை விரிவாகப் பரிந்துரைப்பது முறை.

என் கணிப்பில், ஆழமாக வேர்விடும் பண்பு இதைவிட நம்பிக்கை தருவது. பிலிப்பைன்சின் மேட்டுநில நெல் ஒன்றிலிருந்து பெற்ற டி.ஆர்.ஓ. 1 என்ற மரபணுவை ஐ.ஆர். 64 என்ற நெல் ரகத்தில் சேர்த்தபோது வேர் செங்குத்தாக இறங்கி வறட்சியில் விளைச்சல் கூடியதை 2013இல் காட்டினார்கள். கதவைச் சாத்துவதற்குப் பதிலாக நீரைத் தேடிப் போகும் வழி அது.

விதை கடினப்படுத்துதலும் இலைவழித் தெளிப்பும் பயன் தருமா?

தரும், ஆனால் அளவோடு. புழுதி விதைப்பு நெல்லை 1 விழுக்காடு பொட்டாசியம் குளோரைடு கரைசலில் 16 மணி நேரம் ஊறவைத்து நிழலில் உலர்த்தி விதைத்தால் சீராக முளைக்கும், தொடக்க வறட்சியைத் தாங்கும். சோளத்துக்குப் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 2 விழுக்காடு, 6 மணி நேரம். இடையில் வறட்சி வந்தால் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் மெத்திலோபாக்டீரியாக் கரைசலைத் தெளிக்கலாம். இவை சில நாள்களை வாங்கித் தருபவை. நீரே இல்லாத வயலில் மருந்தடித்துக் கதிர் வரவழைக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வறட்சியிலோ உப்பிலோ இருக்கும் பயிருக்கு யூரியா போடலாமா?

காய்ந்த மண்ணில் போடக் கூடாது. ஈரம் வந்த பிறகு பிரித்துப் போடலாம். பொட்டாஷைக் குறைக்க வேண்டாம். களர் நிலத்தில் துத்தநாகக் குறைபாடு ஏறக்குறைய உறுதி என்பதால், வழக்கமான 25 கிலோவுக்குப் பதிலாக எக்டேருக்கு 37.5 கிலோ துத்தநாக சல்பேட் இட வேண்டும்.

இலை கருகுகிறது. வறட்சியா, உப்பா என்று வயலிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?

வறட்சியில் முதலில் இலைகள் சுருளும், வயல் முழுவதும் ஏறக்குறைய ஒரே சீராக வாடும், மேட்டுப் பகுதி முந்தும். உப்பில் இலை சுருளாமலேயே முதிர்ந்த இலைகளின் நுனி வெள்ளையாகி, பிறகு பழுப்பாகும். பயிர் திட்டுத்திட்டாகக் குட்டையாக நிற்கும். ஒரு திட்டு செத்திருக்க, நான்கடி தள்ளி மற்றொன்று நன்றாக இருக்கும். செத்த திட்டிலிருந்தும் நல்ல திட்டிலிருந்தும் தனித்தனியாக மண் எடுத்து, கிணற்று நீரையும் ஒரு புட்டியில் சேர்த்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். இரண்டையும் கலந்து ஒரே மாதிரியாகக் கொடுத்தால் சராசரிதான் கிடைக்கும், காரணம் கிடைக்காது.

கதிர் பதராகிவிட்டது. இனி என்ன செய்வது?

அந்தக் கதிரில் இனி மணி பிடிக்காது. அதற்காக மேலும் உரமோ மருந்தோ செலவிட வேண்டாம். காப்பீடு செய்திருந்தால் அறுவடைக்கு முன்பே தகவல் கொடுத்துவிட வேண்டும். வைக்கோலுக்காக அறுத்துவிட்டு, ஈரம் இருந்தால் நெல் தரிசில் உளுந்து தெளிக்கலாம் என்பது படுகையின் வழக்கம். பயிர் வறட்சியால் மட்டும் போயிருந்தால் அது சரி. உப்பால் போயிருந்தால் உளுந்து நெல்லைவிட மென்மையானது. அதைத் தெளிக்காமல், கோடை மழைக்கு வரப்பை உயர்த்திக் கட்டி, தக்கைப்பூண்டு விதைக்கக் காத்திருங்கள்.